எடப்பாடி: அணைக்குப் பக்கத்தில் ஒரு வறண்ட தொகுதி

ஒரு தொகுதி முன்னேறியிருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? பொதுவாகத் தார்ச்சாலை, பள்ளிக்கூடக் கட்டிடம், பஸ் நிலையம் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். எடப்பாடியைப் பொறுத்தவரை தண்ணீர் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தாலே போதும் என்பது என் எண்ணம்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1925-ல் தொடங்கிய மேட்டூர் அணை வேலை 1934-ல் முடிந்தது. 120 அடி, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. அணைக்காக ஊர்களை இழந்தவர்கள் அன்றைய சேலம், கோவை மாவட்டத்துக்காரர்கள். தண்ணீர் போனது தஞ்சைக்கு. இதில் சதி எதுவும் இல்லை. திட்டமே காவிரி டெல்டாவுக்காகப் போடப்பட்டதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு மேட்டூர் கிழக்கு, மேற்குக் கால்வாய்கள் வந்தன. சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் சுமார் 45,000 ஏக்கருக்கு ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை தண்ணீர் கிடைக்கும். ஆனால் இந்தக் கால்வாய்கள் ஆற்றங்கரையை ஒட்டியே போகின்றன. நங்கவள்ளி, ஜலகண்டாபுரம், கொங்கணாபுரம் பக்கமெல்லாம் மேட்டு நிலம். தண்ணீர் தானாக ஏறி வராது அல்லவா?

இத்தனைக்கும் பூலாம்பட்டியில் காவிரி இந்தத் தொகுதியைத் தொட்டுக்கொண்டேதான் ஓடுகிறது. படகில் ஏறினால் அக்கரையில் நெருஞ்சிப்பேட்டை. உள்ளே வந்தால் மானாவாரிச் சோளம், நிலக்கடலை, பருத்தி; கிணறு வற்றினால் ஆழ்துளைக் கிணறு. (இந்தியா முழுக்கப் போகும் ரிக் வண்டிகள் பக்கத்துத் திருச்செங்கோட்டில் இருந்து கிளம்புவதை இந்தப் பகுதியின் தாகத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.) விவசாயம் கைவிட்ட குடும்பங்களுக்கு விசைத்தறி சோறு போட்டது.

இனி ஓட்டுக் கணக்குக்கு வருவோம். எடப்பாடி கே.பழனிசாமி இங்கே 1989, 1991, 2011, 2016, 2021 என ஐந்து முறை ஜெயித்தவர். நடுவில் 1996, 2001, 2006 மூன்று தேர்தலிலும் பா.ம.க. ஜெயித்தது. 2001-ல் அ.தி.மு.க. கூட்டணி, 2006-ல் தி.மு.க. கூட்டணி, இரண்டு முறையும் ஆட்சியைப் பிடித்த அணியில்தான் தொகுதி இருந்தது. ஏரிகள் நிரம்பவில்லை. 1991-ல் பழனிசாமி ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.; அப்போதும் இல்லை. 2011 முதல் அமைச்சர், 2016-ல் பொதுப்பணித்துறையே அவர் கையில். அப்போதும் நடக்கவில்லை.

2017 பிப்ரவரியில் அவர் முதலமைச்சர் ஆனார். வெள்ளக் காலத்து உபரி நீரைத் திப்பம்பட்டியில் மோட்டார் வைத்து ஏற்றி 100 வறண்ட ஏரிகளுக்கு விடும் திட்டத்துக்கு 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார். மதிப்பு 565 கோடி ரூபாய். முதல் கட்டத்தை 2021 பிப்ரவரி இறுதியில், சட்டமன்றத் தேர்தலுக்கு ஒன்றரை மாதம்கூட இல்லாத நேரத்தில் தொடங்கி வைத்தார். அணை திறந்து 87 வருடம் ஆகியிருந்தது!

ஆள் அதே ஆள்தான், தொகுதியும் அதேதான். மாறியது நாற்காலி. அப்படியானால் இதை மக்கள் பிரதிநிதித்துவத்தின் வெற்றி என்பதா? எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி 3 கோடியாக உயர்த்தப்பட்ட பிறகும், அதை மட்டும் சேர்த்து வைத்து இந்தத் திட்டத்தைப் போட 188 வருடம் ஆகும். 234 தொகுதிகளில் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் முதலமைச்சர் எம்.எல்.ஏ.வாகக் கிடைப்பார். மற்ற 233 தொகுதிகளின் ஏரிகள் யாருக்காகக் காத்திருப்பது?

திட்டத்தைக் குறை சொல்பவர்களையும் கேட்க வேண்டும். டெல்டா விவசாயிகள் எதிர்த்தார்கள்; தங்கள் பங்கு குறையும் என்பது அவர்கள் பயம். ஆனால் கேட்கப்படுவது அரை டி.எம்.சி.க்குச் சற்று அதிகம்தான், அதுவும் உபரியில். பலன் எடப்பாடிக்கு மட்டுமல்ல. மேட்டூர், ஓமலூர், சங்ககிரி தொகுதிகளுக்கும் உண்டு. என்னைக் கேட்டால் பெரிய பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. 2013-க்குப் பிறகு மேட்டூர் அணை 2018 ஜூலையில்தான் நிரம்பியது. அந்த மாதிரி ஐந்து வருடம் மறுபடி வந்தால் உபரி ஏது? மழை பொய்க்கும்போதுதானே ஏரிக்குத் தண்ணீர் தேவை?

2021 தேர்தலில் அவர் 93,802 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்; 2016-ல் இது 42,022. சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10-ஐ அவருடைய அணி பிடித்தது. ஆட்சி மட்டும் போய்விட்டது. 2022 ஆகஸ்டில் மேட்டூரில் இருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் வெளியேறிக் கொண்டிருந்தது. மீதிப் பணிகளைப் புதிய அரசு மந்தமாகச் செய்கிறது என்று பழனிசாமி அந்த ஆண்டுகளில் திரும்பத் திரும்பக் குற்றம் சாட்டினார். எதிர்க்கட்சித் தலைவர் பதவி, கைநிறைய ஓட்டு, மாவட்டம் முழுக்கத் தன் அணி எம்.எல்.ஏ.க்கள். இருந்தும் ஒரு குழாயைச் சீக்கிரம் பதிக்கச் சொல்லி அவரும் கோரிக்கைதான் வைக்க வேண்டியிருந்தது.