கார்ல்சுரூ மாநாடும் கனிசாரோவின் சிறுநூலும்

விஞ்ஞான மாநாட்டிற்குச் செல்லும் அறிஞர் இருவகையிலே தம்மை ஆயத்தஞ் செய்தல் வேண்டும். அவையில் எழுந்து நிகழ்த்தும் உரை ஒன்று. பிறர் தாமே கண்ணால் நோக்கி ஆராய்தற்குரிய எழுத்து மற்றொன்று. இவ்வெழுத்து இந்நாளிலே பெரும்பாலும் சுவரொட்டியாக மண்டபங்களிலே தொங்குகின்றது. 1969ஆம் ஆண்டில் மட்ரிட் நகரிற் கூடிய ஐரோப்பிய உயிரிரசாயனச் சங்கங்களின் மாநாட்டிலே இம்முறை தலைகாட்டிப் பின்னர் எங்கும் பரவலாயிற்று. ஆயினும் மாநாடொன்றிலே உரை சாதியாததை எழுத்துச் சாதித்த வரலாறு அதற்கு நூறாண்டு முந்தியது. அது நிகழ்ந்த இடம் ஜேர்மனியிலே பாடன் நாட்டின் தலைநகராயிருந்த கார்ல்சுரூ, ஆண்டு 1860.

அக்காலத்து இரசாயனவியல் பெருங்குழப்பத்திலே ஆழ்ந்திருந்தது. காபனின் அணுநிறை 6 என்பார் ஒரு சாரார். 12 என்பார் மற்றொரு சாரார். ஒட்சிசன் 8 என்றும் 16 என்றும் இருவகையாகக் கொள்ளப்பட்டது. நீரின் சூத்திரமே ஆளுக்கொன்றாயிருந்தது. அசற்றிக்கமிலம் ஒன்றுக்கே அறிஞர் வழங்கிய 19 சூத்திரங்களைக் கெக்குலே தமது பாடநூலிலே திரட்டிக் காட்டியுள்ளார். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்தறிதற்கே முதலில் அவர் எக்கட்சியினர் என வினாவவேண்டிய நிலை. இந்நிலையில் மாணாக்கர் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ!

இதற்குத் தீர்வு காண உலக இரசாயனிகள் யாவரையும் ஓரிடத்திலே கூட்டலாம் என்னும் எண்ணம் கெக்குலேயின் உள்ளத்திலே தோன்றியது. கார்ல்சுரூவிலே பேராசிரியராயிருந்த வெல்ற்சியனும், பரிஸ் நகரத்து வூர்ட்சும் அவருக்குத் துணைநின்றனர். 45 அறிஞரின் பெயர் தாங்கிய சுற்றறிக்கையொன்று 1860 ஜூலையிலே அனுப்பப்பட்டது. அணு, மூலக்கூறு, சமவலு என்னுஞ் சொற்களுக்கு வரைவிலக்கணம் யாது, சூத்திரங்களை எங்ஙனம் எழுதுதல் வேண்டும், பெயரிடும் முறை யாது என்பன அதிற் கண்ட வினாக்கள். வினாக்களை வகுப்பதிலே அமைப்பாளர் காட்டிய கவனம் பெரிது. ஆயின் வினாக்களை மாத்திரம் ஆயத்தஞ் செய்தல் மாநாட்டிற்குப் போதியதன்று என்பது செப்டெம்பர் மாதத்திலே புலனாயிற்று.

செப்டெம்பர் 3ஆந் தேதி பாடன் சட்டசபை மண்டபத்திலே 120க்கு மேற்பட்ட இரசாயனிகள் கூடினர். ருஷ்யாவிலிருந்து வந்து ஹைடல்பேர்க்கிலே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த 26 வயது மெண்டலீவும் அவர்களுள் ஒருவர். மூன்று நாட்களும் பேச்சு நிகழ்ந்தது. குழுவொன்று தனியே இருந்து வினாக்களைத் திருத்தித் திருத்தி அவைக்கு அனுப்பியது. இறுதி நாளிலே பிரெஞ்சுப் பேரறிஞர் டூமா தலைமை வகித்தார். சேதன இரசாயனத்துக்கு ஒரு முறை, அசேதன இரசாயனத்துக்கு வேறொரு முறை என்பதே அவருடைய போக்கு. அன்றுதான் ஜெனோவாவிலே கற்பித்துவந்த 34 வயதுப் பேராசிரியர் ஸ்தனிஸ்லாவோ கனிசாரோ எழுந்தார்.

கனிசாரோ உருக்கமாகப் பேசினார். அவகாதரோ 1811ஆம் ஆண்டிலே கூறி, உலகம் மறந்துவிட்ட கொள்கையே இக்குழப்பத்துக்கு மருந்து என்றார். எதிர்க்கட்சியார் காட்டக்கூடிய தடையையும் அவர் முன்னரே எண்ணிப் பார்த்திருந்தார். நவச்சாரத்தின் ஆவி எதிர்பார்த்த அடர்த்தியிற் பாதியே காட்டுகின்றது. அவ்வாறாயின் கொள்கை பிழையன்றோ என்பது அத்தடை. வெப்பத்தால் அது இரு வாயுக்களாகப் பிரிந்துவிடுவதே காரணம் என அவர் விடையிறுத்தார். நன்கு ஆயத்தஞ் செய்த உரை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை ஒருமனப்படவில்லை. விஞ்ஞான உண்மையை வாக்கெடுப்பால் முடிவுசெய்தல் தகாது என்ற எண்ணமே மேலோங்கி நிற்க, மாநாடு திட்டமான முடிவின்றிக் கலைந்தது.

கூட்டம் கலையும் வேளையிலே கனிசாரோவின் நண்பர் அஞ்சலோ பவேசி என்னும் பேராசிரியர் சிறுநூலொன்றை அங்கிருந்தோரிடம் வழங்கினார். அஃது அம்மாநாட்டுக்கென எழுதப்பட்டதன்று. ஜெனோவாவிலே தாம் மாணாக்கருக்கு நடத்திய பாடங்களின் சுருக்கத்தைக் கனிசாரோ 1858ஆம் ஆண்டிலே பீசா நகரத்து நண்பர் தெ லூக்காவுக்குக் கடிதமாக வரைந்திருந்தார். அதன் அச்சுப் பிரதியே அது. வகுப்பறையிலே பிறந்த எழுத்தாதலின் அதன் தெளிவு தனிச்சிறப்புடையது. ஆசிரியர்க்கு இது சிறிது பெருமிதந் தருஞ் செய்தியே.

அந்நூலின் வாதம் எளியது. வெப்பநிலையும் அமுக்கமும் ஒத்திருக்கும்போது சம கனவளவுள்ள வாயுக்கள் சம எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்டுள்ளன என்பது அவகாதரோவின் கொள்கை. ஐதரசனின் மூலக்கூறு இரண்டு அணுக்களாலாயது. அதனை 2 எனக் கொண்டால், ஆவியின் அடர்த்தியை ஐதரசனுடன் ஒப்பிட்டு ஏனைய மூலக்கூறுகளின் நிறையை அறியலாம். காபனைக் கொண்ட வாயுக்களை நோக்குக. காபனோரொட்சைட்டில் 28 பங்கிற் காபன் 12. காபனீரொட்சைட்டில் 44 பங்கிலும் 12. சதுப்பு நில வாயுவில் 16 பங்கிலும் 12. எதிலீனில் 28 பங்கில் 24. இவ்வாறே எத்தனை சேர்வைகளை எடுத்தாலும் 12, அல்லது அதன் மடங்கு. 6 ஓரிடத்தும் இல்லை. எனவே காபனின் அணுநிறை 12. ஆவியாகும் சேர்வைகள் கிடையாத உலோகங்களுக்குத் தன்வெப்பம் உதவுகின்றது. இவற்றை நிரல்நிரலாக அட்டவணைப்படுத்தி, வாசகனே முடிபை எட்டும்படி விட்டுவிடுகின்றார் கனிசாரோ. மண்டபத்திலே ஒருமுறை காதில் விழுந்து மறையும் பேச்சால் இது கைகூடுமா? 28, 44, 16 என்னும் எண்களை நிரலிலே கண்டு, கணித்துப் பார்த்தபின்னரே மனம் இசையும்.

பிரெஸ்லாவு நகரத்து லோதர் மேயர் என்னும் இளம் அறிஞர் அந்நூலைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். வழியிலும் வீட்டிலும் பன்முறை படித்தபோது தமது ஐயங்கள் நீங்கிக் கண் திறந்தது போலாயிற்று என அவர் பிற்காலத்திலே எழுதியுள்ளார். 1864ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் அவ்வணுநிறைகளையே அடிப்படையாகக் கொண்டது.

மெண்டலீவின் உள்ளத்திலோ கனிசாரோவின் உரையே ஆழப் பதிந்தது. மாநாடு முடிந்தவுடனேயே அதனைத் தம் ஆசிரியருக்குக் கடிதத்தில் விவரித்தார். புதிய அணுநிறைகளின்றி மூலகங்களை வரிசைப்படுத்தல் இயலாது. ஒன்பதாண்டுகளின்பின், 1869ஆம் ஆண்டிலே, அவ்வரிசையை ஒற்றைத் தாளில் அச்சிட்டு அவர் இரசாயனிகள் பலருக்கு அனுப்பினார். அடுத்து ருஷ்ய இரசாயனச் சங்கத்திலே அது பற்றிய கட்டுரை படிக்கப்பட்டபோது மெண்டலீவ் அவையில் இல்லை; அவருக்காக அதனை வாசித்தவர் மென்ஷுட்கின்.