நீலக் குழந்தைகளும் விவியன் தாமஸும்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு ஆபரேஷனைப் பத்திதான் பேசப் போறோம். தேதி 1944 நவம்பர் 29. இடம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. மேசையில் படுத்திருக்கிற குழந்தைக்கு ஒண்ணேகால் வயசு. எடை நாலு கிலோ சொச்சம்தான், அந்த வயசுக் குழந்தையின் எடையில் பாதிகூட இல்லை. உதடு, விரல் நுனி, நகம் எல்லாமே நீலம்.

சர்ஜன் பேர் ஆல்ஃபிரட் பிளேலாக், அறுவை சிகிச்சைத் துறையின் தலைவர். செய்யப் போற ஆபரேஷனை அதுவரைக்கும் உலகத்தில் யாரும் ஒரு மனுஷ உடம்பில் செஞ்சதில்லை. நாய்களிடம் செய்து பார்த்திருந்தார்கள். ஆனால் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகியவர் பிளேலாக் இல்லை. அவருக்குப் பின்னால், வலது தோளுக்கு மேல எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு ஸ்டூல் போட்டு அதில் நின்ற ஒருத்தர். பேர் விவியன் தாமஸ். அவர் டாக்டர் இல்லை. காலேஜ் படிச்சவரும் இல்லை. கறுப்பினத்தவர்.

முதல்ல நோய். நம்ம இதயம் அடிப்படையில் ரெண்டு பம்ப். வலது பக்க பம்ப், உடம்பு சுத்தி வந்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே ஆக்ஸிஜன் ஏறும். இடது பக்க பம்ப் அதை வாங்கி உடம்பு முழுக்க அனுப்பும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே அந்தச் சுவரில் ஓட்டை இருக்கும், கூடவே நுரையீரலுக்குப் போகிற வழி குறுகிப் போயிருக்கும். உடம்புக்குப் போகிற பெருந்தமனி சரியா அந்த ஓட்டைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். வலது பம்ப் அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துப் போகும். ஆக மொத்தம் நாலு கோளாறு. 1888-ல் மார்சேய் நகரத்து மருத்துவர் ஃபாலோ இந்த நாலையும் ஒரே நோயாகச் சேர்த்து விவரித்ததால், இன்னிக்கும் அதன் பேர் டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ.

விளைவு என்னன்னா, நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தம் ஓட்டை வழியா குறுக்கே பாய்ந்து, ஆக்ஸிஜன் ஏறாமலேயே உடம்புக்குப் போயிடும். அதனால்தான் நீலம். கொஞ்சம் பெரிய குழந்தைகள் ரெண்டடி ஓடிட்டு சட்டுனு குத்துக்கால் போட்டு உட்காரும். யாரும் சொல்லித் தர்றதில்லை. அப்படி உட்கார்ந்தா கால் பக்கம் ரத்தம் போறதுக்கு எதிர்ப்பு கூடும், கொஞ்சம் கூடுதல் ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். குழந்தை தானாகவே கண்டுபிடிச்ச வைத்தியம் அது. டாக்டர்களிடம் அதுக்கு மேல எதுவும் இல்லை.

இங்கேதான் ஹெலன் டாசிக் வர்றாங்க. ஹார்வர்டில் அப்போ பெண்களுக்கு மருத்துவப் பட்டம் கொடுக்க மாட்டார்கள். அதனால் ஹாப்கின்ஸில் படித்தார். 1930-லிருந்து அங்கே குழந்தைகள் இதயநோய்ப் பிரிவுக்குப் பொறுப்பு. சில வருஷத்தில் காது கேட்கிறது குறைந்துகொண்டே போனது. ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பிழைக்க வேண்டிய வேலையில் அது எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. குழந்தையின் மார்பில் கையை வைத்து, இதயத்தின் அதிர்வை விரலால் படிக்கப் பழகினார்.

அவர் கவனித்தது இது. கருவில் இருக்கும் குழந்தைக்கு பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில் டக்டஸ் என்று ஒரு சின்ன இணைப்புக் குழாய் இருக்கும், பிறந்த பிறகு தானா மூடிக்கும். நீலக் குழந்தைகள் சிலருக்கு அந்தக் குழாய் மூடுகிற வரைக்கும் நிலைமை பரவாயில்லை, மூடின உடனே மோசமாகிறது. அப்படின்னா அந்தக் குழாய் வழியாத்தான் நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போய்க்கிட்டு இருந்திருக்கு. இயற்கை மூடிட்டதுன்னா, நாம ஒண்ணு புதுசா வெச்சுக் கொடுத்தா என்ன?

பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற சர்ஜன் 1938-ல் மூடாமல் இருந்த டக்டஸை வெற்றிகரமாகக் கட்டி மூடிப் பேர் வாங்கியிருந்தார். டாசிக் நேரா அவர்கிட்ட போய், உங்களால ஒண்ணு உருவாக்க முடியுமான்னு கேட்டார். கிராஸ் ஆர்வம் காட்டலை. அந்தக் கண்ணில் பார்த்தா இது வினோதமான யோசனைதான். நாலு கோளாறு இருக்கிற இதயத்தில் எதையும் சரி பண்ணாமல், வெளியே அஞ்சாவதா ஒரு கோளாறை வேணும்னே சேர்க்கணும். 1943-ல் டாசிக் அதே கேள்வியை பிளேலாக்கிடமும் தாமஸிடமும் கொண்டுவந்தார்.

தாமஸோட கதைக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். நாஷ்வில் நகரத்தில் வளர்ந்தவர், அப்பா தச்சர், இவரும் அந்த வேலை தெரிந்தவர். டாக்டர் ஆகணும்னு காசு சேர்த்து வைத்திருந்தார். 1930-ல் பொருளாதார வீழ்ச்சியில் வங்கி திவாலாகி அந்தச் சேமிப்பு போனது. அதே வருஷம் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளேலாக்கின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சீக்கிரமே விலங்குகளுக்கு ஆபரேஷன் செய்வது, ரசாயன அளவீடு, பதிவேடு எல்லாம் இவர் கையில். ஆனால் பல்கலைக்கழகக் கணக்கில் இவர் பதவி என்ன தெரியுமா? துப்புரவுப் பணியாளர். சம்பளமும் அதுக்கேத்த மாதிரி. 1941-ல் பிளேலாக் ஹாப்கின்ஸுக்குப் போனபோது தாமஸையும் கூட்டிக்கிட்டுப் போனார். அங்கே கறுப்பர்கள் என்றாலே துடைக்கிற, பெருக்குகிற வேலைதான். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு கறுப்பர் வராந்தாவில் நடந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்களாம்.

டாசிக்கின் கேள்வியைக் கேட்டபோது ரெண்டு பேருக்கும் பழைய விஷயம் ஒண்ணு ஞாபகம் வந்திருக்கணும். 1938-ல் நாஷ்வில்லில் வேறொரு ஆராய்ச்சி செய்தார்கள். நுரையீரலில் ரத்த அழுத்தம் கூடினா என்ன ஆகும்னு பார்க்க, நாயின் முன்னங்காலுக்குப் போகிற சப்கிளேவியன் தமனியை வெட்டித் திருப்பி நுரையீரல் தமனியில் தைத்தார்கள். எதிர்பார்த்த மாதிரி அழுத்தம் கூடலை. ஆராய்ச்சி தோல்வின்னு மூட்டை கட்டியாச்சு. இப்போ பாருங்க, டாசிக் கேட்கிற குழாய் அதேதான். நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போகும், அழுத்தம் கூடி நுரையீரல் கெடவும் செய்யாது. அந்தப் பழைய ரிசல்ட்டில் தோல்வியா எழுதி வெச்ச வரிதான் இங்கே பாதுகாப்புக்கு ஆதாரம். கைக்குப் போகிற தமனியை எடுத்துட்டா கை என்னாகும்னு கேட்கலாம். சுத்தி இருக்கிற சின்னத் தமனிகள் அந்த வேலையை எடுத்துக்கும்.

நான் சாஃப்ட்வேர் ஆளு, அதனால் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அடுத்து வருது. எங்க வேலையில ஒரு பக் வந்தா முதல் கேள்வி: உன் மெஷின்ல அதை ரீப்ரொட்யூஸ் பண்ண முடியுதா? முடியலைன்னா, நீ சரி பண்ணிட்டேன்னு எப்படிச் சொல்லுவே? தாமஸ் முன்னாடி இருந்ததும் அதே சிக்கல். ஆரோக்கியமான நாய்க்கு இந்தக் குழாயைப் போட்டா அது உயிரோட இருக்கும், ஆனா நீலக் குழந்தைக்கு உதவுமான்னு அதில் தெரியாது. முதல்ல நாயை நீலமாக்கணும். ஹாப்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த கோளாறுள்ள இதயங்களை எடுத்து வைத்துப் படித்தார். நாலு கோளாறையும் ஒரு நாயில் அப்படியே உருவாக்குவது நடக்காத காரியம். அதனால் விளைவை மட்டும் உருவாக்கினார். நுரையீரலின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, ரத்தக் குழாய்களை மாற்றி இணைத்து, ஆக்ஸிஜன் ஏறாத ரத்தம் உடம்புக்குப் போகும்படி செய்தார். நாய் நீலமானது. பிறகுதான் புதுக் குழாயைத் தைத்து, நீலம் குறையுதான்னு பார்த்தார். ஏறத்தாழ 200 நாய்கள். இந்த எண்ணைச் சொல்லிட்டு வேகமா தாண்டிப் போக எனக்கு மனசில்லை. அந்த நாய்கள் சம்மதம் கொடுக்கலை. அதில் நீண்ட நாள் பிழைத்த அன்னா என்ற நாயின் ஓவியம் ஹாப்கின்ஸில் இருக்கு.

கருவிகளும் இல்லை. குழந்தையின் தமனியைத் தைக்கிற அளவுக்குச் சின்ன ஊசி அப்போ கடையில் கிடையாது. இருந்த ஊசிகளைப் பாதியா வெட்டி, முனையைத் திரும்பத் தீட்டித் தயார் பண்ணியவர் தாமஸ்தான். தச்சர் மகன் கை.

இப்போ மறுபடி நவம்பர் 29. தாமஸ் உள்ளே வர்றதாவே இல்லை. பிளேலாக் ஆள் அனுப்பி வரவழைத்தார், பின்னாடி நிற்கச் சொன்னார். மார்பைத் திறந்தாச்சு. குழந்தையின் தமனி நாயோட தமனியைவிட ரொம்பச் சின்னது. தையலை எந்தப் பக்கமிருந்து எடுக்கணும், வெட்டு போதுமான அளவு இருக்கான்னு பிளேலாக் கேட்கக் கேட்க, தாமஸ் ஸ்டூல்ல நின்னு சொல்லிக்கிட்டே இருந்தார். சில இடங்களில், "இல்லை, எதிர்ப்பக்கம்" என்று திருத்தினார். தலைமை சர்ஜனை, அறை முழுக்க வெள்ளை டாக்டர்கள் நிற்கும்போது.

குழந்தை ஆபரேஷனைத் தாண்டியது, நிலைமை தேறியது. ஆனால் சில மாதங்களில் மறுபடி நீலம். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தை இறந்துபோனது. இதைச் சொல்லாமல் 'முதல் வெற்றி'ன்னு மட்டும் எழுதுறவங்க நிறைய. அடுத்த நோயாளிகளில் ஒரு சின்னப் பையனுக்கு, கிளாம்ப்பை எடுத்ததும் உதடு மேசையிலேயே நீலத்திலிருந்து சிவப்பாக மாறியது. அதுக்கப்புறம் அமெரிக்கா முழுக்க இருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெற்றோர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு பால்டிமோர் வந்தார்கள்.

ஒரு விஷயம் தெளிவாகணும். இந்த ஆபரேஷன் நோயைக் குணப்படுத்தலை. ஓட்டை அப்படியே இருந்தது, அடைப்பும் அப்படியே. நாங்க சொல்ற வொர்க்கரவுண்ட்தான் இது. இதயத்தைத் திறந்து நிஜமாவே சரி பண்ணினது 1954-ல், மினசோட்டாவில் வால்டன் லில்லெஹை. ஆனா அந்தப் பத்து வருஷம் வரைக்கும் குழந்தை உயிரோட இருந்தால்தானே அதுக்கு அர்த்தம்? இன்னிக்கும் முழு ஆபரேஷனைத் தாங்க முடியாத பச்சைக் குழந்தைகளுக்கு, கைத்தமனியைத் திருப்பாமல் கோர்-டெக்ஸ் என்ற பொருளால் ஆன சின்னக் குழாயை வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள். மழைக் கோட்டில் வருதே, அதே கோர்-டெக்ஸ் பேருதான்.

1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பிளேலாக், டாசிக். ஆபரேஷனுக்கும் அந்த ரெண்டு பேர்தான்: பிளேலாக்–டாசிக் ஷண்ட். தாமஸ் எங்கேயும் இல்லை.

"அந்தக் காலம் அப்படி" என்று ஒரு பதில் எப்பவும் வரும். எனக்கு அது முழுசா ஒத்துக்க முடியலை. எல்லார் கண்ணும் பார்க்கிற ஆபரேஷன் அறையில், விதியை மீறி தாமஸைப் பக்கத்தில் நிறுத்த பிளேலாக்கால முடிஞ்சது. தோல் நிறமே தெரியாத ஒரு காகிதத்தில் பேரை எழுத முடியலை. முதலாவது அவருக்குத் தேவைப்பட்டது, இரண்டாவது தேவைப்படலை. வேற காரணம் எனக்குத் தெரியலை. நியாயமா இன்னொண்ணும் சொல்லணும், சம்பள விஷயத்தில் தாமஸ் விலகப் போறதா சொன்ன பிறகு பிளேலாக் போராடி அதை உயர்த்திக் கொடுத்தார். அதே தாமஸ், கூடுதல் வருமானத்துக்காக பிளேலாக் வீட்டு விருந்துகளில் மது பரிமாறியும் இருக்கார். பகல்ல தான் சொல்லிக் கொடுத்த இளம் சர்ஜன்களுக்கு, ராத்திரியில் கிளாஸ் நிரப்பினார்.

டாக்டர் படிப்பை அவர் மறக்கலை. கல்லூரியில் விசாரித்தபோது, செய்த வேலைக்கு எந்த மதிப்பும் கிடையாது, முதல் வருஷத்திலிருந்து வரணும்னு சொல்லிட்டாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தார். முடிச்சு வெளியே வரும்போது வயசு ஐம்பது ஆகியிருக்கும். விட்டுட்டார். ஆய்வகத்தில் தொடர்ந்து சர்ஜன்களுக்குக் கை வேலை கற்றுக் கொடுத்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற டென்டன் கூலி உட்படப் பலர் அவரிடம் கற்றவர்கள்.

பிளேலாக் 1964-ல் இறந்தார். 1971-ல் அந்த சர்ஜன்கள் சேர்ந்து தாமஸின் உருவப்படத்தை வரையச் செய்து ஹாப்கின்ஸில் வைத்தார்கள். 1976-ல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மருத்துவத்துக்கான பட்டம் இல்லை, சட்டத்துக்கானது. ஆனாலும் அதுக்கப்புறம் மாணவர்கள் அவரை டாக்டர் தாமஸ்னு கூப்பிட முடிந்தது. 1985 நவம்பரில் காலமானார். அவர் எழுதின சுயசரிதை அச்சாகி வெளியே வந்தது, அவர் இறந்து சில நாளில். இப்போ மருத்துவக் கட்டுரைகளில் பலர் பிளேலாக்–டாசிக்–தாமஸ் ஷண்ட் என்று எழுதுகிறார்கள்.

லில்லெஹை 1954-ல் என்ன செஞ்சார்னு நான் வேகமா தாண்டிட்டேன். ஹார்ட்-லங் மெஷினுக்குப் பதிலா இன்னொரு மனுஷனையே குழந்தையோட இணைச்சு, அவர் இதயத்தை பம்ப்பா பயன்படுத்தினார். அதுக்குத் தனி எபிசோட் வேணும், அடுத்தது அதுதான்.