21 என்ற எல்லை: அமெரிக்காவில் மது வாங்கும் வயதுச் சட்டம் கடந்துவந்த பாதை

முன்னுரை

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 21 வயது நிறையாதவருக்கு மது விற்பது குற்றம். அங்கே 18 வயதில் வாக்களிக்கலாம், ராணுவத்தில் சேரலாம், பெரும்பாலான மாநிலங்களில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். கடையில் ஒரு புட்டி பீர் வாங்க மட்டும் இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்த முரணைச் சுட்டிக்காட்டி, வயது வரம்பை 18க்குக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கு திரும்பத் திரும்ப எழுகிறது. 18 வயதுக்காரர் வளர்ந்தவரா இல்லையா என்று கேட்டு, அதற்கான விடையிலேயே வழக்கை முடித்துவிட முயல்கிறது அந்தக் கோரிக்கை. ஆனால் அமெரிக்கா இந்த வரம்பை ஏற்கெனவே ஒருமுறை குறைத்துப் பார்த்த நாடு. 1970க்கும் 1975க்கும் இடையில் 29 மாநிலங்கள் குறைத்தன. அதன் பலன் சாலைகளில் தெரிந்தது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்கு வந்து சேர்ந்தன. 21 என்ற எண் ஆராயாமல் பெறப்பட்ட பழைய சட்ட மரபு என்பது உண்மை. இன்று அது நிற்பதோ, கைவிட்டுப் பார்த்தபின் கிடைத்த சான்றின் மேல். அந்தச் சான்றுக்கு விடை சொல்லாமல் வரம்பைக் குறைப்பதற்கு நியாயமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரபுவழி வந்த எண்

ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் ஒருவர் மேஜர் ஆகும் வயது 21ஆக இருந்தது. குடியேற்றக் காலத்திலேயே அது அமெரிக்க மண்ணுக்கு வந்து, சொத்துரிமைக்கும் வாக்குரிமைக்கும் பொது அளவாகிவிட்டது. 1920 ஜனவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு, 1933 டிசம்பர் 5 அன்று 21ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தால் நீங்கியது. அதே திருத்தம் மதுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலங்களின் கையில் விட்டது. புதிதாக மதுச் சட்டம் இயற்ற உட்கார்ந்த மாநிலங்களில் பெரும்பாலானவை, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மேஜர் வயதையே மதுவுக்கும் எழுதிவைத்தன. 18, 19 வயதினர் குடித்தால் என்ன ஆகும் என்று யாரும் அப்போது கணக்குப் பார்க்கவில்லை. நியூயார்க் மாநிலம் 18ஐத் தேர்ந்தெடுத்தது. கான்சஸ் போன்ற சில மாநிலங்கள் 3.2 சதவீத ஆல்கஹால் உள்ள இலேசான பீரை மட்டும் 18 வயதிலேயே அனுமதித்தன. ஓக்லஹோமாவில் இந்த பீரைப் பெண்கள் 18 வயதில் வாங்க முடிந்தது, ஆண்கள் 21 வரை பொறுக்க வேண்டியிருந்தது. போதையில் வண்டி ஓட்டிக் கைதானவர்களின் புள்ளிவிவரத்தைக் காட்டி அம்மாநிலம் இந்தப் பாகுபாட்டை நியாயப்படுத்தியது. 18 முதல் 20 வயது வரையிலான ஆண்களில் 2 சதவீதமும் பெண்களில் 0.18 சதவீதமும் கைதாகியிருந்தார்கள். இவ்வளவு மெலிந்த சான்றை வைத்து ஒரு பாலாரை முழுவதுமாக விலக்க முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. வயது வரம்புக்கு ஆதாரம் கேட்டால் அன்று கையில் இருந்தது எவ்வளவு என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. தகுந்த ஆதாரம் அதே ஆண்டுகளில்தான் வேறு வழியாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

வாக்குரிமையோடு வந்த குறைப்பு

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், கட்டாய ராணுவச் சேவைக்கான வயது 18க்கு இறங்கியது. போருக்கு அனுப்பப்படுகிறவனுக்கு வாக்கு இல்லையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. வியட்நாம் போர்க் காலத்தில் அதற்கு மறுக்க முடியாத வலு வந்தது. 1971 ஜூலை 1 அன்று 26ஆம் திருத்தம் உறுதியாகி, 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. மாநிலங்கள் தங்கள் மேஜர் வயதை அதற்கேற்ப மாற்றின. அந்த மாற்றத்தோடு மது வாங்கும் வயதும் 18, 19, 20 எனக் கீழே வந்தது. 1933இல் மேஜர் வயதைப் பிடித்துக்கொண்டு ஏறிய எண், 1971க்குப் பின் அதே மேஜர் வயதைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. இரு முறையும் மதுவைப் பற்றித் தனியாக யாரும் யோசிக்கவில்லை.

ஆனால் எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் குறைக்கவில்லை. சில குறைத்தன, அண்டை மாநிலங்கள் 21இலேயே நின்றன. ஆய்வாளர்கள் திட்டமிட்டு அமைத்திருந்தாலும் இப்படியொரு ஒப்பீடு அமைந்திருக்காது. ஒரே மாதிரிச் சாலைகள், ஒரே மாதிரி வண்டிகள், ஒரே பொருளாதாரச் சூழல். வேறுபட்டது வயது வரம்பு மட்டும். 1972இல் 18க்குக் குறைத்த மிச்சிகன் மாநிலத்தில், இளையோர் ஓட்டிய வண்டிகள் சிக்கிய மதுத் தொடர்பான விபத்துகள் கூடியதை ஆய்வுகள் பதிவு செய்தன. வயது வரம்பு வேறுபட்ட மாநிலங்களின் எல்லையில் இன்னொரு கேடு முளைத்தது. 21 உள்ள மாநிலத்து இளைஞர்கள் 18 உள்ள அண்டை மாநிலத்துக்கு வண்டி எடுத்துப் போய்க் குடித்துவிட்டு, இரவில் அதே வண்டியில் திரும்பினார்கள். திரும்பும் வழியில் எல்லையோரச் சாலைகளில் நேர்ந்த சாவுகளால் அந்த எல்லைகளை ‘இரத்த எல்லைகள்’ என்று அமெரிக்கர்கள் அழைத்தார்கள்.

சான்று வந்ததும் மாநிலங்கள் தாமாகவே திரும்பத் தொடங்கின. மெய்ன் மாநிலம் 1977இல் வரம்பை 20 ஆக்கியது. மிச்சிகன் மக்கள் 1978 நவம்பர் வாக்கெடுப்பில் 21ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 1976 செப்டம்பருக்கும் 1983 ஜனவரிக்கும் இடையில் 16 மாநிலங்கள் வரம்பை உயர்த்தின. வாஷிங்டனிலிருந்து எந்தக் கட்டாயமும் வருவதற்கு முன்பே இது நடந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 21 வயது வரம்பு மேலிருந்து திணிக்கப்பட்டது என்ற கூற்று வரலாற்றின் முற்பாதியை மறந்துவிடுகிறது.

1984 சட்டமும் உச்ச நீதிமன்றமும்

1980இல் கலிஃபோர்னியாவில் கேண்டஸ் லைட்னர், குடிபோதை ஓட்டுநர் ஒருவரால் தம் மகளை இழந்தபின், குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான தாய்மார் அமைப்பைத் தொடங்கினார். 1982இல் அதிபர் ரீகன் அமைத்த ஆணையம் நாடெங்கும் 21 என்ற ஒரே வரம்பைப் பரிந்துரைத்தது. நியூ ஜெர்சி செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பெர்க் அதற்கான சட்டத்தை முன்னெடுத்தார். மாநில உரிமையில் தலையிடத் தயங்கிய ரீகன், முடிவில் 1984 ஜூலை 17 அன்று கையெழுத்திட்டார். 21ஆம் திருத்தத்தின்படி மதுவின் மேல் அதிகாரம் மாநிலங்களுடையது. எனவே ஒன்றிய அரசு நேரடியாக வயதை நிர்ணயிக்காமல் பணத்தைக் கருவியாக்கியது. 21 வயதுக்குட்பட்டோர் மது வாங்குவதையும் பொது இடத்தில் வைத்திருப்பதையும் தடுக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் முதலாண்டு 5 சதவீதமும், அடுத்து 10 சதவீதமும் நிறுத்திவைக்கப்படும் என்றது சட்டம்.

19 வயதினருக்கு 3.2 சதவீத பீரை அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா இதை எதிர்த்து வழக்காடியது. 1987இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் சட்டத்தை உறுதிசெய்தது. பொதுநலனுக்காக, தெளிவான நிபந்தனையோடு, நிதியின் நோக்கத்தோடு தொடர்புடையதாக இருக்கும்வரை காங்கிரஸ் சபை இவ்வாறு நிபந்தனை விதிக்கலாம் என்று தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதினார். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர், நெடுஞ்சாலை கட்டுவதற்கும் பீர் வாங்கும் வயதுக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்றார். கூட்டாட்சி முறையில் அக்கறை கொண்டவர்கள் அவர் சொன்னதை இன்றும் எடைபோட வேண்டும். நிதியைக் காட்டி மாநிலங்களை வழிக்குக் கொண்டுவரும் முறை நல்ல நோக்கத்துக்கும் கெட்ட நோக்கத்துக்கும் ஒன்றுபோல் பயன்படும். ஆனால் சட்டம் வந்த வழியின் மீதான குறை வேறு, வரம்பு சரியா என்ற கேள்வி வேறு. முன்னதை ஏற்றுக்கொள்கிறவரும் பின்னதற்குத் தனியே விடை தேட வேண்டும்.

சான்றின் எடை

அமெரிக்க நோய்த் தடுப்பு மையங்களோடு இணைந்த ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வயது வரம்பைக் குறைத்தபோது அந்த வயதினரின் மதுத் தொடர்பான விபத்துகள் ஏறத்தாழ 10 சதவீதம் கூடியதாகவும், உயர்த்தியபோது ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்ததாகவும் கண்டது. 1975 முதல் 2017 வரை இந்தச் சட்டங்களால் 31,000க்கும் மேற்பட்ட உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிடுகிறது. இதற்கு உடனே ஒரு நியாயமான மறுப்பு வரும். அதே ஆண்டுகளில் இருக்கை வார் பழக்கமானது, வண்டிகள் பாதுகாப்பாயின, தண்டனைகள் கடுமையாயின. பலனை எல்லாம் வயது வரம்பின் கணக்கில் எழுதலாமா? 2009இல் பொருளியலாளர்கள் கிறிஸ்டோஃபர் கார்பென்டரும் கார்லோஸ் டாப்கினும் வெளியிட்ட ஆய்வு இந்த மறுப்பைத் தாண்டிச் செல்கிறது. 21 நிறையச் சில வாரங்களே இருப்பவர்களையும் 21ஐ அப்போதுதான் கடந்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இரு கூட்டத்தாரும் ஒரே காலத்தில், ஒரே சாலையில், ஒரே வகை வண்டிகளில் போகிறவர்கள். ஆயினும் 21ஐத் தொட்டவுடன் இறப்பு விகிதம் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. வாகன விபத்தும் தற்கொலையும் மது நேரடியாகக் கொல்லும் சாவுகளும் அந்த உயர்வில் முன்நிற்கின்றன. வரம்பு 18 அல்லது 19ஆக உள்ள கனடாவில் ரசல் கலஹனும் பிறரும் செய்த ஆய்வில், ஆண்களின் இறப்பு அந்த வயதைத் தாண்டியவுடன் கூடுவது தெரிந்தது. சட்டம் எங்கே கதவைத் திறக்கிறதோ அங்கே சாவும் கூடுகிறது என்பதை இரு நாட்டுக் கணக்கும் சொல்கின்றன.

அப்படியானால் 21 வரை காத்திருப்பது அந்த ஆபத்தைத் தள்ளிப்போடுவது மட்டும்தானே என்று கேட்கலாம். குடிப்பழக்கம் புதிது என்பதே ஆபத்துக்குக் காரணம் என்றால் எந்த வயதில் தொடங்கினாலும் ஒன்றுதான் என்பது அந்த வாதம். இதற்கு விடை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. 18 வயதில் அமெரிக்க மாணவர் பலர் இன்னும் பள்ளி இறுதி வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் சட்டப்படி வாங்கும் புட்டி, அதே வளாகத்தில் படிக்கும் 15, 16 வயதுத் தோழர்களின் கைக்கு எளிதாகப் போகும். 1999 டிசம்பரில் வரம்பை 20இலிருந்து 18க்குக் குறைத்த நியூசிலாந்தில், 18, 19 வயதினரிடையே மட்டுமின்றி 15 முதல் 17 வயது வரையிலானவர்களிடையேயும் மதுத் தொடர்பான விபத்துக் காயங்கள் கூடியதாக கைப்ரியும் பிறரும் 2006இல் கண்டார்கள். விபத்துகள் கூடின என்ற முடிவைப் பின்வந்த பொருளியல் ஆய்வொன்று ஏற்கவில்லை. ஆனால் மதுவால் மருத்துவமனையில் சேரும் இளையோர் கூடினர் என்பதை அதுவும் கண்டது. வண்டி ஓட்டக் கற்ற புதிதில் குடிக்கவும் கற்றுக்கொள்வது, இரண்டையும் சில ஆண்டு இடைவெளியில் கற்றுக்கொள்வதைவிட ஆபத்தானது என்பதும் இதோடு சேரும்.

எதிர்வாதங்கள்

எதிர்வாதங்களில் உணர்ச்சி வலு மிக்கது படைவீரனைப் பற்றியது. நாட்டுக்காக உயிர் கொடுக்கத் துணிந்தவனிடம் ஒரு கோப்பை பீரை மறுப்பது அவமதிப்பு என்ற வருத்தம் மதிக்கத்தக்கது. ஆனால் அமெரிக்கச் சட்டம் எல்லா உரிமைகளுக்கும் ஒரே வயதை என்றும் வைத்ததில்லை. பிரதிநிதிகள் சபைக்கு 25, செனட்டுக்கு 30, அதிபர் பதவிக்கு 35. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21. 2019 டிசம்பரிலிருந்து புகையிலைக்கும் 21. ஒவ்வொரு வயதும் அந்தந்தச் செயலின் விளைவைப் பொறுத்தது. வாக்குச் சீட்டில் தவறிழைப்பவன் சாலையில் எதிரே வருகிறவரைக் கொல்வதில்லை. மது அருந்திய இளைஞனின் விபத்தில் இறப்பவர்களில் அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாத வழிப்போக்கர்களும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கும் உரிமை இருக்கிறது.

இரண்டாவது வாதம் கல்வியாளர்களிடமிருந்து வந்தது. மிடில்பரி கல்லூரியின் முன்னாள் தலைவர் ஜான் மெக்கார்டெல் முன்னின்று நடத்திய அமெதிஸ்ட் முன்முயற்சியில் 2008இல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். தடை, குடியை விடுதி அறைகளுக்குள் ஒளித்து, ஒரே மூச்சில் அளவின்றிக் குடிக்கும் பழக்கத்தை வளர்க்கிறது என்பது அவர்கள் கவலை. கவலை உண்மையானது, காரணம் பிழையானது. மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பில், கடந்த 30 நாட்களில் மது அருந்திய பள்ளி இறுதி மாணவர்கள் 1980இல் 72 சதவீதம். 2023இல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இந்தச் சரிவு முழுவதற்கும் சட்டமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தடை குடியைப் பெருக்கியது என்ற கூற்றுக்கு இது நேர்மாறானது. சிறு வயதிலேயே வீட்டில் பழக்கினால் அளவறிந்து குடிப்பார்கள் என்று ஐரோப்பாவைக் காட்டுவோரும் உண்டு. 15, 16 வயது மாணவரிடையே 1995 முதல் நடந்துவரும் ஐரோப்பியக் கணக்கெடுப்பில் மிகுதியாகக் குடிப்பதில் டென்மார்க் தொடர்ந்து முன்வரிசையில் நிற்பது அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. மேலும், பெற்றோர் முன்னிலையில் வீட்டில் அருந்துவதை 1984 சட்டம் தடுக்கவில்லை. பல மாநிலங்கள் அதை அனுமதிக்கவே செய்கின்றன.

மிகக் கூர்மையான மறுப்பு ஆய்வாளர்கள் ஜெஃப்ரி மிரோனும் எலினா டெட்டல்பாமும் 2009இல் எழுப்பியது. தாமாக முன்வந்து உயர்த்திய மாநிலங்களில்தான் உயிரிழப்பு குறைந்தது, ஒன்றிய அரசின் அழுத்தத்தால் மாறியவற்றில் பலன் மிகச் சிறிது என்றார்கள். இதை ஏற்றுக்கொண்டாலும் முடிவு வரம்பைக் குறைப்பதாக இருக்க வேண்டியதில்லை. மக்கள் விரும்பி எழுதிய சட்டத்தைக் கடைக்காரரும் காவல்துறையும் பெற்றோரும் காப்பாற்றுகிறார்கள், வேண்டாவெறுப்பாக எழுதிய சட்டம் ஏட்டில் கிடக்கிறது என்று அந்தக் கண்டுபிடிப்பைப் படிப்பதே பொருத்தம். செயல்படுத்தப்படாத சட்டத்துக்கு மருந்து, அதைச் செயல்படுத்துவது.

முடிவுரை

இந்த வரலாற்றில் 21க்குப் புனிதம் எதுவும் இல்லை. மூளை வளர்ச்சி பற்றிய இன்றைய அறிவியல்கூட இச்சட்டம் நிலைபெற்றபின் வந்து சேர்ந்த துணைதான். எதிரான சான்று வந்தால் எண்ணும் மாற வேண்டும். ஆனால் அரை நூற்றாண்டுச் சான்று ஒரே திசையில் பெரிதும் சாய்ந்திருக்கிறது. வரம்பை வைத்துக்கொண்டே சட்டத்தின் கடுமையை வேறிடத்துக்கு மாற்றலாம். வாங்கிய மாணவரைக் குற்றவாளியாக்குவதைவிட, விற்ற கடைக்காரரின் உரிமத்தின் மேல் கை வைப்பது பயன் தரும். அளவு மீறிக் குடித்து மயங்கிய தோழனுக்கு மருத்துவ உதவி கேட்டு அழைக்கும் இளையோரைத் தண்டனையிலிருந்து விடுவிக்கும் சட்டங்களைப் பல மாநிலங்கள் இயற்றியிருக்கின்றன. அவை எல்லா மாநிலங்களிலும் வேண்டும். கல்லூரித் தலைவர்கள் அஞ்சிய மறைவிடச் சாவுகளுக்கு நேரான மருந்து அதுதான். 18 வயதினரை மதிப்பதற்கு வழிகள் பல உண்டு. அவர்களில் சிலரையும், அவர்களைவிட இளையவர்களில் சிலரையும் முன்கூட்டியே சாகவிடும் என்று ஒருமுறை தெரிந்துவிட்ட வழி அவற்றில் ஒன்றாக இருக்க முடியாது.