ஐஸ் ஹவுஸ் விதவையர் இல்லம்

சென்னை மெரினாக் கடற்கரைக்கு எதிரே, திருவல்லிக்கேணியில் 1917 முதல் 1941 வரை இயங்கிய அரசு விடுதி. இளம் வயதில் கணவனை இழந்த பெண்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கியது இதன் பணி. தென்னிந்தியாவில் பெண்களின் தொழில்வாய்ப்பும் சமூகநலச் சீர்திருத்தமும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்ததற்கு முதன்மையான சான்றாக இதைச் சொல்லலாம்.

கட்டடம் எழுந்ததோ வேறொரு வணிகத்துக்காக. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பனிக்கட்டியைக் கப்பலேற்றி விற்ற ஃபிரெடரிக் டியூடர், சரக்கைச் சேமித்து வைக்க 1842-இல் இதைக் கட்டினார். பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காருக்குக் கைமாறியது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதும் இங்கேதான்.

இல்லத்தைத் தோற்றுவித்தவர் சகோதரி சுப்புலட்சுமி (1886–1969). பதினொரு வயதில் திருமணம். சில காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார். தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளின் தலையை மழிக்க உடன்படவில்லை. வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்து, பிறகு கன்னியாஸ்திரீகள் நடத்திய கான்வென்ட் பள்ளிக்கு அனுப்பினார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தபோது, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவர் பேசப்பட்டார்.

அன்றைய பெண்கல்விக்குப் பெரிய முட்டுக்கட்டை ஆசிரியைகள் இல்லாததுதான். ஆண்கள் பாடம் நடத்தும் பள்ளிக்குச் சற்றுப் பெரிய பெண்களை அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. வேலைக்கு வரக்கூடிய பெண்களோ பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன்களைச் சேர்ந்தவர்கள். இன்னொரு பக்கம், பிறந்த வீட்டுச் சமையலறையிலேயே ஆயுளைக் கழிக்க வேண்டியிருந்த பால விதவைகள். இரண்டையும் முடிச்சுப் போட்டால் இரண்டும் தீரும் என்பது சுப்புலட்சுமியின் கணக்கு. பம்பாய் மாகாணத்தில் பண்டித ரமாபாய் 1889-இலும் கார்வே 1896-இலும் கைம்பெண்களுக்கு இல்லங்கள் தொடங்கியிருந்தார்கள். சென்னையில் அரசே பணம் போட முன்வந்தது. பெண்கள் பள்ளி ஆய்வாளர் கிறிஸ்டினா லிஞ்ச் இதற்குப் பெரிதும் துணைநின்றார். அரசைப் பணம் எடுக்கவைத்தது இரக்கம் மட்டுமன்று, ஆசிரியைப் பஞ்சமும்தான்.

தொடக்கம் எழும்பூரில், நான்கு பெண்களோடு. அடுப்படியையும் விடுதியையும் கவனித்துக்கொண்டவர் சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாள். அவரும் சிறுவயதில் கணவனை இழந்தவர். 1912-இல் சாரதா மகளிர் சங்கம் உருவாயிற்று. பெண்களின் எண்ணிக்கை பெருகவே, அரசு ஐஸ் ஹவுஸை வாங்கி 1917-இல் இல்லத்தை அங்கு மாற்றியது. கைம்பெண் எதிரே வந்தாலே அபசகுனம் என்று கருதப்பட்ட காலம் அது. அத்தகைய பெண்கள் கூட்டமாகப் படிக்கப் போவதைத் திருவல்லிக்கேணி அன்றாடம் பார்த்துப் பழக வேண்டியதாயிற்று.

இல்லம் பிராமணப் பெண்களுக்கானது. ஆசாரமும் மடிச் சமையலும் அங்கே தொடர்ந்தன. வைதீகக் குடும்பங்கள் பெண்ணை அனுப்புவதற்கு அது உதவியது, மற்றவர்களுக்குக் கதவடைத்ததும் அதுவே. விடுதிக்கு அருகிலிருந்த மீனவக் குப்பத்துப் பெண்கள் கூடை சுமந்து மீன் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். வேலைக்குப் போகலாமா என்ற கேள்வியே அவர்களுக்கு எழுந்ததில்லை; கூலியும் படிப்பும்தான் எட்டாமல் இருந்தன. குப்பத்துப் பிள்ளைகளுக்கென்று சுப்புலட்சுமி ஒரு பள்ளி தொடங்கினார்.

பயிற்சி பெற்ற ஆசிரியைகளின் தேவை ஏற, 1922-இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி அவர் தலைமையில் திறக்கப்பட்டது. அரசு விடுதியின் வயது வரம்பைத் தாண்டிய கைம்பெண்களுக்காக 1927-இல் சாரதா வித்யாலயா தோன்றியது. அரசு ஊழியர் என்பதால் பெண்கள் அமைப்புகளில் வெளிப்படையாகச் சேர அவருக்குத் தடை இருந்தது. ஆனாலும் குழந்தைத் திருமண ஒழிப்புக்காக உழைத்தார். பெண்ணுக்கு 14 வயது என வரம்பு கட்டிய சாரதா சட்டம் 1930-இல் நடைமுறைக்கு வந்தது.

பெண்களுக்குத் திறந்த இன்னொரு தொழில் மருத்துவம். மேரி ஷார்லீப் முதலிய பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இலேயே சேர்த்துக்கொண்டது. பர்தா முறையைக் கடைப்பிடித்த கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை 1885-இல் தொடங்கியது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். அதே கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்ற புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி, பின்னர் சட்ட மேலவைத் துணைத் தலைவராகித் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார். பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து விலகி வந்த சிறுமிகளை விடுதிகள் ஏற்க மறுத்தன. அவர்களுக்காக அவர் 1930-களின் தொடக்கத்தில் நிறுவியதே ஔவை இல்லம். ஐஸ் ஹவுஸ் சாதி பார்த்துச் சேர்த்தது. ஔவை இல்லம் அந்த வேலியை வைக்கவில்லை. பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்தது.

1937-இல் சென்னையில் ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கிய துர்காபாய், படிப்பை இடையில் விட்ட பெண்களைத் தேர்வுக்குத் தயார்செய்தார். 1953-இல் மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவரானதும் அந்த அனுபவத்தை நாடெங்கும் கொண்டு சென்றார். வயதுவந்த பெண்கள் பல ஆண்டுப் பாடத்தைக் குறுகிய காலத்தில் முடித்து, ஆசிரியை, செவிலி, கிராம சேவிகை போன்ற வேலைகளுக்குத் தகுதிபெறும் சுருக்கப் பாடத்திட்டத்தை வாரியம் 1958-இல் தொடங்கியது.

ஐஸ் ஹவுஸ் 1941-க்குப் பின் ஆசிரியைப் பயிற்சி மாணவியர் விடுதியாக இருந்து, 1963-இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது. மாநிலத்தின் நலத்திட்டங்கள் வேறு திசையிலும் வளர்ந்தன. தேவதாசி மரபில் பிறந்து அதை எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் தமிழ்நாடு அரசு 1989-இல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டத்தை அறிமுகம் செய்தது. உதவி பெறக் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டியிருந்தது. அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு வந்ததும் அதே ஆண்டில். 2022-இல் அம்மையார் பெயரிலான திட்டம் உயர்கல்விக்கானதாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேரத் தொடங்கியது.