இரவும் இரு விசுவாசமும்: பிரிட்டனின் மகப்பேற்றுச் செவிலியரிடையே பணி அயர்ச்சி

மகப்பேற்றுச் செவிலியரின் பணி அயர்ச்சி என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வெவ்வேறு நிலைகள் பேசப்படுகின்றன. ஒன்று களைப்பு: தூக்கக் குறைவாலும் நெடுநேரம் கால்கடுக்க நிற்பதாலும் வருவது, நன்றாகத் தூங்கி எழுந்தால் பெரும்பாலும் தீர்வது. மற்றது பணிச்சோர்வு: மாதக்கணக்கில் சேர்வது, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே மறுபடி கவிவது. இவை ஒன்றையொன்று வளர்க்கும் என்பது உண்மை. ஆனால் ஒன்றைத் தணிக்கும் ஏற்பாடு மற்றதைக் கூட்டவும் செய்யலாம். பிரிட்டனின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்று. அங்கே இத்தொழில் பொதுச் செவிலியத்தின் கிளை அன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1902ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிப் பதிவு பெற்றது. சிக்கலற்ற பிரசவத்தை மருத்துவர் இன்றித் தம் பொறுப்பிலேயே நடத்துபவர்கள் இவர்கள்.

களைப்பின் வேர் பிரசவத்தின் இயல்பிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் 2005 முதல் 2014 வரை நிகழ்ந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்தபோது, வார நாட்களின் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரையிலான அலுவல் நேரத்தில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 28 விழுக்காடுதான் என்று தெரிந்தது. வலி தானாகக் கண்டு இயல்பாக நிகழும் பிறப்புகள் விடிகாலை 4 மணியை ஒட்டி உச்சம் தொடுகின்றன. மனித உடலின் வெப்பமும் விழிப்பும் மிகத் தாழ்ந்திருப்பதும் ஏறக்குறைய அதே பொழுதில்தான். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் செயல்திறனுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997இல் காட்டினர். குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவில் சிறு சரிவைக் கவனிப்பதும், பிரசவித்தவளின் இரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிடுவதும், மருந்தளவைக் கணக்கிடுவதும் அந்த வேளையில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு வேலைநேர விதிகள் இரண்டு பணிமுறைகளுக்கு இடையே 11 மணி நேர ஓய்வையும், 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட பணியில் 20 நிமிட இடைவேளையையும் கோருகின்றன. பரவலாகிவிட்ட 12 மணி நேரப் பணிமுறையில் பொறுப்பு ஒப்படைப்பும் வீட்டுக்குப் போய்வரும் பயணமும் அந்த 11 மணி நேரத்தைத் தின்கின்றன. இடைவேளையோ, முக்கிக்கொண்டிருக்கும் பெண்ணைக் கைமாற்றிவிட ஆள் இருந்தால்தான் உண்டு.

களைப்புக்கு இரவு காரணம் என்றால் பணிச்சோர்வுக்கு எது காரணம்? இக்கேள்விக்கு டென்மார்க்கில் உருவான கோபன்ஹேகன் பணிச்சோர்வு அளவுகோல் உதவுகிறது. கிறிஸ்டென்சனும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட இது, 19 கேள்விகளின் வழியே சோர்வை மூன்றாகப் பிரித்து அளக்கிறது: பொதுவாக உணரும் சோர்வு, வேலையால் என்று உணரும் சோர்வு, பணி பெறுபவரால் என்று உணரும் சோர்வு. 2018இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில் ஏறத்தாழ 2,000 மகப்பேற்றுச் செவிலியர் இதற்கு விடையளித்தனர். முதல் வகைச் சோர்வு 83 விழுக்காட்டினரிடமும், இரண்டாம் வகை 67 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. மூன்றாம் வகையோ 15.5 விழுக்காட்டினரிடம் மட்டுமே.

இந்த ஆய்வுக்கு ஒரு மறுப்பு உண்டு. கேள்வித்தாள் சென்ற தொழிற்சங்க உறுப்பினரில் 16 விழுக்காட்டினரே விடையளித்தனர். சோர்ந்தவர்களே கூடுதலாக எழுதியிருக்கலாம். (அறவே சோர்ந்தவர்கள் கேள்வித்தாளைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்றும் வாதிடலாம்.) ஆகவே 83 என்ற எண்ணை நாட்டின் சராசரியாகக் கொள்வது தவறு. ஆனால் விடை எழுதிய அதே மனிதர்களிடம் மூன்று அளவுகளுக்கும் இடையே தெரியும் பள்ளத்தை அந்த மறுப்பு எளிதில் நிரப்பிவிடாது. கர்ப்பிணிகளோடும் பிரசவித்தவர்களோடும் பழகுவது அவர்களை ஓயவைக்கவில்லை. அந்தப் பழக்கத்துக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்று ஓயவைக்கிறது.

அது என்ன என்பதற்கு மகப்பேற்றுச் செவிலியத் துறை ஆய்வாளர் பில்லி ஹன்டரின் ஆய்வுகள் விடை தருகின்றன. மருத்துவமனையில் பணிபுரிபவர் இரண்டு விசுவாசங்களுக்கு நடுவே நிற்கிறார். பெண்ணுடன் இருக்க வேண்டும் என்று பயிற்சி சொல்கிறது. நிறுவனத்துடன் இருக்க வேண்டும் என்று வார்டு சொல்கிறது. ஒருத்தியின் தோளைப் பிடித்தபடி இருக்க வேண்டிய நேரத்தில் பதிவேடு காத்திருக்கிறது, அடுத்த படுக்கை காத்திருக்கிறது, ஆள் குறைந்த வேறொரு வார்டிலிருந்து அழைப்பு வருகிறது. உணர்ச்சி உழைப்பின் பெரும்பங்கு இந்த முரணைச் சமாளிப்பதிலேயே செலவாகிறது என்பது ஹன்டரின் முடிவு. இத்துறையின் மற்றோர் ஆய்வாளரான ஜேன் சாண்டல் 1997இலேயே சோர்வைத் தவிர்க்க மூன்றைச் சுட்டியிருந்தார்: தொழிலில் தன்னுரிமை, சக பணியாளரின் ஆதரவு, பெண்களோடு பொருளுள்ள உறவு.

இம்மூன்றையும் ஒருங்கே தருவதாகத் தோன்றியது தொடர் பராமரிப்பு முறை. ஒரு சிறு குழு குறிப்பிட்ட பெண்களைக் கர்ப்பகாலம் முதல் பிரசவத்துக்குப் பின்வரை தானே கவனிக்கும். அழைப்பு வந்தால் இரவிலும் போகும். மெல்பர்னில் இம்முறையில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர்களின் சோர்வு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததை 2014இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. நியூசிலாந்திலும் சுயமாகத் தொழில் செய்யும் செவிலியரின் மனநலம் மேலாக இருந்தது. ஆனால் இவர்கள் பெரும்பாலும் விரும்பி வந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. இங்கிலாந்து 2016ஆம் ஆண்டின் தேசிய மகப்பேற்று மறுஆய்வுக்குப் பின் இதையே நாடு தழுவிய இலக்காக்கியது. விருப்பம் கட்டளையானபோது கணக்கு மாறியது. இரவு அழைப்புக்குக் காத்திருப்பவரின் தூக்கம், அழைப்பு வராத இரவிலும் அரைத்தூக்கம்தான். குழுக்களுக்கு ஆட்களை எடுத்ததால் பிரசவ வார்டிலும் ஆள் குறைந்தது. போதிய ஆட்கள் இருப்பதை உறுதிசெய்ய முடியாத இடங்களில் இம்முறையை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2022 மார்ச்சில், மகப்பேற்றுச் சேவையின் குறைகளை விசாரித்த ஆக்கன்டன் அறிக்கை பரிந்துரைத்தது; அவ்வாண்டு செப்டம்பரில் இலக்குக்கான காலக்கெடுவும் நீக்கப்பட்டது.

தொடர் பராமரிப்பு தவறான எண்ணம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். பணிச்சோர்வுக்கான மருந்தை, களைப்பைக் கணக்கில் எடுக்காமல் கொடுத்ததே பிழை. இதைவிடப் பலவீனமான மாற்று, செவிலியருக்கு மனவலிமைப் பயிற்சி அளிப்பது. பணி பெறுபவரால் சோர்ந்தவர்கள் 15.5 விழுக்காடே என்பதை வைத்துப் பார்த்தால், குறை செவிலியரின் மனத்தில் இல்லை. பயிற்சி மட்டும் அங்கே நடக்கிறது.

ஏற்பாடுகளின் வரிசையே இங்கு முக்கியம். வார்டில் காலிப்பணியிடங்களை நிரப்பிய பிறகே குழுக்கள் அமைக்கப்பட வேண்டும்; குழுவில் சேர்வது விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும்; இரவில் அழைக்கப்பட்டவருக்கு மறுநாள் பணியில்லை என்பது அட்டவணையிலேயே எழுதப்பட வேண்டும். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவர் நோய்விடுப்பில் போனால் அவருடைய இரவுகள் மற்ற ஐவர் மேல் விழுகின்றன. ஏழாவதாக ஒரு மாற்றுப் பணியாளருக்குச் சம்பளம் ஒதுக்காத திட்டத்தில் அந்த மறுநாள் ஓய்வும் தாளோடு நின்றுவிடும்.