வீட்டுலயே பிட்காயின் மைனிங்: கரண்ட் எவ்ளோ இழுக்கும், இடம் எவ்ளோ வேணும்?

மாடி ரூமில் ஒரு மெஷினை மாட்டிவிட்டால் போதும், தூங்கும்போதும் காசு கொட்டும் என்று ரீல்ஸ்களில் சொல்கிறார்கள். மெஷின் விலை, காயின் விலை எல்லாம் அதில் வரும். கரண்ட் பில் மட்டும் வராது. அதனால் நாம் பில்லில் இருந்தே ஆரம்பிப்போம்.

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டையில் ஒரு சாதாரண வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்ரூம், ஒரு மாடி அறை, சிங்கிள் ஃபேஸ் மின் இணைப்பு.

மைனிங்னா என்ன?

பிட்காயின் பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து பதிவேட்டில் சேர்க்க, உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் ஒரு எண்ணை ஊகிக்கும் போட்டியில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சுமார் 10 நிமிடத்துக்கு ஒருவர் ஜெயிப்பார். அவருக்கு 3.125 பிட்காயின் பரிசு. 2024 ஏப்ரலுக்கு முன்னால் இது 6.25 ஆக இருந்தது.

இந்தப் போட்டிக்கு லேப்டாப், செல்போன் எல்லாம் சரிப்படாது. கிராபிக்ஸ் கார்டை வைத்து எத்தேரியம் எடுத்த காலமும் 2022 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. இப்போது தேவை இதற்கென்றே செய்யப்பட்ட 'ஏசிக்' மெஷின். உதாரணத்துக்கு, சீனாவின் பிட்மெயின் நிறுவனத்தின் ஆன்ட்மைனர் எஸ்21. இதன் வேகம் வினாடிக்கு 200 டெராஹாஷ், இழுக்கும் மின்சாரம் 3,500 வாட்.

3,500 வாட் என்றால், ஒன்றரை டன் ஏசி இரண்டு முழு வேகத்தில் ஓடுவது மாதிரி. ஏசியாவது ரூம் குளிர்ந்ததும் ஓய்வெடுக்கும். இது 24 மணி நேரமும் ஓடும்.

கரண்ட் பில் கணக்கு

ஒரு நாளைக்கு 84 யூனிட். நம்ம ஊரில் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், 60 நாளுக்கு 5,040 யூனிட். வீட்டில் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் எதுவுமே ஓடவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இதுதான் கணக்கு.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 400 யூனிட் வரை 4.80 ரூபாய். 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒவ்வொரு யூனிட்டும் 11.80 ரூபாய். மெஷின் ஓட ஆரம்பித்த 12-ஆவது நாளிலேயே நீங்கள் 1,000-ஐத் தாண்டிவிடுவீர்கள். எல்லா படிகளையும் கூட்டினால் பில் 54,682 ரூபாய்.

வரவு எவ்வளவு? 2025-ல் உலக மைனிங் மெஷின்களின் மொத்த வேகம் வினாடிக்கு சுமார் 1 ஜீட்டாஹாஷை எட்டியது. அதில் 200 டெராஹாஷ் என்பது 50 லட்சத்தில் ஒரு பங்கு. 60 நாளில் உங்கள் பங்குக்கு ஏறக்குறைய 0.0054 பிட்காயின் வரும். ஒரு பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் 43,200 ரூபாய்தான்.

பில்லுக்கே பத்தவில்லை. மெஷின் வாங்கிய காசைப் பற்றி இன்னும் பேசவே இல்லை.

இதற்கு மேல் வரி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி, கூடவே செஸ். மைனிங்குக்கு செய்த உள்கட்டமைப்புச் செலவை லாபத்தில் கழிக்க முடியாது என்று மத்திய நிதியமைச்சகம் 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. அதாவது நஷ்டத்தில் ஓட்டினாலும், விற்ற தொகைக்கு வரி கட்ட வேண்டியிருக்கும். ரீல்ஸில் யாரும் சொல்லாத விஷயம் இதுதான்.

இடம் கொஞ்சம்தான், ஆனா...

மெஷின் என்னவோ சின்னதுதான். 40 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 29 செ.மீ. உயரம். டேபிள் மேலே வைத்துவிடலாம். பிரச்சினை சூடு. இழுக்கும் 3,500 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டை ஏசி போட்டு எடுக்கணும்னா, ஒரு மெஷினுக்கே ஒரு டன் ஏசி தேவை. அந்த ஏசிக்கு தனி கரண்ட்.

ஏசி இல்லாமல் காற்றோட்டத்தை வைத்தே சமாளிப்பவர்களும் உண்டு. பெரம்பலூர்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. சின்ன வெங்காயத்துக்கு பட்டறை போடும்போது காற்று உள்ளே புகுந்து வெளியேற வழி விடுவோம் இல்லையா, அதே கதைதான். ஒரு பக்கம் குளிர்ந்த காற்று உள்ளே வரணும். மறுபக்கம் சூடான காற்று ரூமிலேயே சுற்றாமல் நேராக வெளியே போகணும். மெஷின் தாங்குவது 45 டிகிரி வரைதான். மே மாதத்தில் ஷீட் போட்ட மாடி அறைக்குள் அந்த அளவைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. சத்தம் வேறு 75 டெசிபல். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார்.

அடுத்து வயரிங். 230 வோல்ட்டில் இந்த மெஷின் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்ப் பாயிண்டில் ஒரு மணி நேரம் கீசர் போடுவது வேறு, மாதக்கணக்கில் நிறுத்தாமல் இழுப்பது வேறு. பிளக் உருகும், பழைய ஒயர் சூடாகும். மீட்டர் போர்டில் இருந்து தனி லைன், 4 ஸ்கொயர் காப்பர் ஒயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் இல்லாமல் தொடவே கூடாது. வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மெஷினோடு ஒரு ஏசியும் சேர்ந்தால் பெரும்பாலும் த்ரீ ஃபேஸுக்கு மாற வேண்டிவரும். வீட்டு இன்வெர்ட்டர் இந்த லோடை தாங்காது, கரண்ட் போனால் மெஷினும் நிற்கும்.

மோட்டார் கொட்டகையில வெச்சா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். விவசாய மின் இணைப்பு இலவசம், த்ரீ ஃபேஸ் வேறு. ஆனால் அந்த மின்சாரம் பாசனத்துக்கு மட்டும்தான். வேறு வேலைக்கு எடுத்தால் மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆவது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடலாம். எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடலாம். திருட்டு என்று 135-ஆவது பிரிவில் வழக்கானால் 3 ஆண்டு வரை சிறை. கிணற்று மோட்டாருக்கான இணைப்பே பறிபோனால் பயிரும் காயும். வீட்டு இணைப்பிலும், ஆய்வில் வணிக நோக்கம் என்று முடிவானால் 126 பாயும்.

மலேசியாவில் இது பெரிய தலைவலியாகவே இருக்கிறது. சரவாக் மாநிலம் மிரி நகரில் மின்சாரம் திருடி மைனிங் செய்தவர்களிடம் பிடித்த 1,069 மெஷின்களை 2021 ஜூலையில் போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். அந்தப் பகுதியில் இதற்காகப் போட்ட கள்ள இணைப்புகளால் 3 வீடுகள் எரிந்ததாகவும் போலீசார் சொன்னார்கள்.

சரி, சோலார்? ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு சராசரியாக 4 யூனிட் தரும். 84 யூனிட்டுக்கு 21 கிலோவாட் வேணும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்றால் 2,100 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 5 சென்ட் இடம். மத்திய அரசின் சூரிய வீடு திட்ட மானியமோ அதிகபட்சம் 78,000 ரூபாய்தான்.

சும்மா கத்துக்கணும்னு நினைப்பவர்களுக்கு 'பிட்ஆக்ஸ்' என்ற உள்ளங்கை அளவு மெஷின் இருக்கிறது. ஒரு எல்.இ.டி. பல்ப் அளவுக்குத்தான் மின்சாரம் இழுக்கும், இரண்டு மாதத்துக்கு 25 யூனிட் கூட வராது. வேகம் சுமார் 1.2 டெராஹாஷ். இன்றைய போட்டியில் இதைத் தனியாக ஓட்டி ஒருமுறை பரிசு ஜெயிக்க, சராசரியாக 16,000 ஆண்டுகள் ஆகும்.