மக்கள்தொகை மரபியல்: தேனி, கம்பம் பள்ளத்தாக்கு

ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணு வகைகள் தலைமுறைதோறும் எவ்வாறு கூடிக் குறைகின்றன என்பதை ஆராயும் துறை மக்கள்தொகை மரபியல். மாற்றத்துக்குக் காரணங்கள் நான்கு: மரபணுவில் நேரும் திடீர் மாற்றம், இயற்கைத் தேர்வு, குடிபெயர்வு, சிறு கூட்டங்களில் தற்செயலாக நிகழும் நகர்வு. இவை இல்லாமல், மணஉறவும் தடையின்றி அமைந்தால் விகிதங்கள் மாறா என்பது 1908-இல் ஹார்டியும் வைன்பெர்க்கும் தனித்தனியே கண்ட விதி. தேனிப் பகுதியில் இந்த விதி பொருந்தாமல் போக முதற்காரணம், மணஉறவுக்கு இருக்கும் எல்லை.

மலைச்சரிவுகளில் பளியர், சமவெளியில் பிறமலைக் கள்ளர் உள்ளிட்ட தமிழ்ச் சமூகத்தார், வீட்டில் கன்னடம் பேசும் காப்பிலியர், ஒக்கலிகர், தெலுங்கு பேசும் கம்மவார் எனப் பலர் இங்கு வாழ்கின்றனர். ஒரே சந்தையில் கூடினாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் சொந்தச் சமூகத்துக்குள்தான்; இதுவே அகமணம்.

இவ்வட்டார ஆய்வுக்கு அடித்தளமிட்டவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன். 1980-களில் தமிழ்ச் சமூகங்களின் நோய் எதிர்ப்பு மரபணு வகைகளை ஆராய்ந்தார். பின்னர், மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளரிடம் எடுத்த மாதிரிகளில் எம்130 என்னும் தந்தைவழிக் குறியீடு தென்பட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் உள்ள இக்குறியீட்டை, ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதிப் பயணத்தின் தடயமாக ஸ்பென்சர் வெல்ஸ் 2002-இல் தம் நூலில் விளக்கினார். ஆனால் இக்குறியீட்டின் இந்திய, ஆஸ்திரேலியக் கிளைகள் 50,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. மேலும், இது தந்தைவழிக் கோடு ஒன்றைப் பற்றிய செய்தி மட்டுமே. ஒருவரின் முழு வம்சாவளியையும் அது சொல்லாது.

தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களைப் பிச்சப்பன் குழு ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டது. உணவு சேகரிப்பு, உழவு என வாழ்முறையை ஒட்டித் தந்தைவழிகள் வேறுபடுகின்றன; அந்தப் பிரிவு 4,000 முதல் 6,000 ஆண்டுப் பழமை உடையது, சாதி அமைப்புக்கும் முந்தையது என்றது அந்த ஆய்வு. 2013-இல் வந்த நாடளாவிய ஆய்வோ, 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலான கலப்பு நடந்தது, அதன்பின்னரே அகமணம் இறுகியது என்றது. காலக்கணக்கில் வேறுபட்டாலும், பிரிவை நிலைக்கச் செய்தது அகமணமே என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. கலக்காத வம்சம் என்று எந்தச் சமூகமும் உரிமை கொண்டாட இம்முடிவுகள் இடம் தரவில்லை.

உறவுமுறைத் திருமணம் மணஉறவின் எல்லையை மேலும் குறுக்குகிறது. ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேரும் வாய்ப்பு, தாய்மாமனை மணந்தவளின் குழந்தைக்கு 8-இல் 1. மாமன் மகளும் அத்தை மகனும் மணந்தால் 16-இல் 1. பல தலைமுறையாக நடந்த உறவுமணம் தீய மரபணுக்களைக் களைந்திருக்கலாம் என்று எல்.டி. சங்வி 1966-இல் கருதினார். ஆனால் இந்தியாவின் பல அகமணக் குழுக்களில் ஒடுங்கு மரபணு நோய்களுக்கான (மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் வருபவை) வாய்ப்பு மிகுதி என 2017-இல் வெளியான ஆய்வு எச்சரித்தது. குடும்பத்தில் பரம்பரை நோய் இருப்போர், உறவில் சம்பந்தம் பேசுமுன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது.